முதுகு மட்டும் தெரிந்த சூனியக்காரி

"ரொட்டியைக் கடிக்க வராதவளுக்கு, அடுத்தவ கையைக் கடிக்க மட்டும் வருமா அண்ணே?"

சிறைக் கதவில் சாய்ந்துகொண்டு ஓபேத் ஸ்பூனர் கேட்டது கான்ஸ்டபிள் யாபேஸ் தார்ன் காதில் விழவில்லை. கோடைக்குப் பிறகு அவருக்கு எதுவும் சரியாகக் காதில் விழுவதில்லை. சூனியக் குற்றத்துக்காகத் தூக்கில் போட, வெக்ஸ்கம் ஊரிலிருந்து மூன்று பேரை அவர்தான் ஓக் மரத்தடிக்குக் கூட்டிப்போனார். ஏணியைப் பிடித்துக்கொண்டதும் அவர்தான். முதல் நாள் இரவு தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் நன்றாகத் தூங்கினார். அதற்கப்புறம் விழித்திருக்கும்போதும் பாதி தூங்குகிற மாதிரியே இருந்தது.

"என்னடா சொன்ன?"

"ஒண்ணுமில்ல. போன வாரம் சொன்ன சிரிப்புக் கதைக்கே நீங்க இன்னும் சிரிக்கல. ரெண்டையும் சேத்து வெச்சு எப்பவாவது சிரிங்க."

யாபேஸ் உள்ளே பார்த்தார். காலில் விலங்கோடு வைக்கோலில் உட்கார்ந்திருந்த டமாரிஸ் ஹோல்ட், சோள ரொட்டியை ஆப்பிள் கள்ளில் நனைத்து, கூழாக்கி, விரலால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பத்து நாளாக அவர்தான் அவளுக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுக்கிறார். பத்து நாளாக அவள் இப்படித்தான் சாப்பிடுகிறாள். அவர் பார்த்திருக்கிறார், ஆனால் கவனிக்கவில்லை.

"வாயைத் திறங்கம்மா" என்றார்.

"எதுக்கு? பிசாசு உள்ள உக்காந்திருக்கானான்னு பாக்கவா?" என்றபடி அவள் வாயைத் திறந்தாள். மேல் வரிசையில் ஒரு பல்லும் இல்லை. கீழே ஓரத்தில் இரண்டு தனியாக நின்றன.

போதகர் வீட்டு வேலைக்காரப் பெண் சைலன்ஸ் பிராட், தன் கையில் இரண்டு வரிசைப் பல் பதிந்த காயத்தைக் காட்டித்தான் இவள்மேல் புகார் சொல்லியிருந்தாள். டமாரிஸின் ஆவி ராத்திரியில் வந்து கடித்துவிட்டுப் போனதாம்.

"இதை ஏம்மா நீங்க கோர்ட்ல சொல்லல?"

"யாரு கேட்டா? என்னைத்தான் பின்பக்கமாவே நடக்கவிட்டு உள்ள கூட்டிட்டுப் போனியே. சொவத்தைப் பாத்து நின்னுக்கிட்டு என் பல்லை யாருக்குக் காட்டறது?"

சூனியக்காரியின் கண் பட்டால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு வலிப்பு வந்துவிடும் என்பதால், குற்றம் சாட்டப்பட்டவர்களை முதுகு முன்னால் வருகிற மாதிரி பின்பக்கமாக நடத்தி உள்ளே கொண்டுவந்து, கடைசிவரை சுவரைப் பார்த்தே நிறுத்துவார்கள். அப்படி நடத்திக் கூட்டிவந்தது யாபேஸ்தான்.

"பல்லுக் கதையைச் சொன்னா மட்டும் நீதிபதி விட்டுடுவாராக்கும்" என்றான் ஓபேத். "ஆவிக்குப் பிசாசு பல்லு கடன் குடுத்திருக்கும்பாரு. அவர்கிட்ட எல்லாத்துக்கும் ஒரு பதில் இருக்கு. பதில் இல்லாத கேள்வியாப் பாத்துக் கேக்கணும்."

அது சரிதான். அன்று மாலை தீர்ப்பு. பாஸ்டனிலிருந்து வந்திருந்த நீதிபதி எலிஷா விண்ட்லோ மறுநாள் காலையில் கிளம்பிப் போவதற்கு முன்னால் தண்டனையையும் நிறைவேற்றிவிட்டுப் போவார்.

"ஒத்துக்கிட்டா உசிரு தப்பும்மா" என்றார் யாபேஸ். "ஒத்துக்கிட்டவங்க ஒருத்தரையும் இதுவரைக்கும் தூக்குல போடல."

"ஒத்துக்கிட்டா, உனக்கு சூனியம் யார் கத்துக்குடுத்தான்னு கேப்பாங்க. யார் பேரைச் சொல்லட்டும்? உன் தங்கச்சி பேரைச் சொல்லட்டுமா தம்பி?" அவள் விரலை நக்கிக்கொண்டாள். "எனக்கு வயசு அறுபத்துமூணு. பொய் சொல்லி வாங்கற மிச்ச வருஷத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்? போ. கள்ளு நல்லா இருந்துச்சு."

யாபேசுக்கு அழ வேண்டும் என்று தெரிந்தது. அழுகை வரவில்லை.

வெளியே குளிர்காற்று வீசியது. இலைகள் உதிர்ந்துபோன மரங்களுக்கு நடுவே இருவரும் ஜெபக்கூடத்துப் பக்கம் நடந்தார்கள். ஓபேத் வாரநாட்களில் பீப்பாய் செய்கிறவன். ஓய்வுநாளில் ஜெபக்கூடத்தில் தூங்குகிறவர்களை எழுப்புகிற கோல்காரன். அவன் கோலின் ஒரு முனையில் மரக்குமிழ், ஆண்கள் மண்டைக்கு. மறுமுனையில் நரிவால், பெண்கள் கன்னத்துக்கு. நான்கு மணி நேரப் பிரசங்கத்தில் ஊரே அவனைத்தான் திட்டும்.

"அந்தப் பொண்ணு வேற என்னென்ன சொன்னா? ஞாபகம் இருக்கா?"

"அவ சொன்னது ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம். பேருதான் சைலன்ஸ், தொண்டை என்னவோ கடல்ல மூடுபனிக்கு ஊதற கொம்பு." ஓபேத் விரல் விட்டான். "சால்வையில இடது தோள்கிட்ட பச்சை ஒட்டு. தொப்பி நாடாவை ரெண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. முடிக்குக் கீழ, பிடரியில, பட்டாணி அளவு மச்சம். நடக்கறப்ப வலது தோள் கொஞ்சம் தாழும். அத்தனையும் அச்சு அசலா டமாரிஸ்தான். அதைக் கேட்டுத்தான் நீதிபதி மயங்கிட்டாரு."

"அவங்க பிடரியில மச்சம் இருக்கறது எனக்கே தெரியாது. இருபது வருஷமாப் பக்கத்து வீடு."

"எனக்குத் தெரியும்ணே. நான்தான் கோலை வெச்சுக்கிட்டுப் பின்னாடியே நிக்கிறவனாச்சே..."

ஓபேத் பாதியில் நிறுத்தினான். யாபேசும் நின்றார்.

"இன்னொரு தடவ சொல்லு. ஒட்டு எங்க?"

"தோள்ல. பின்பக்கம்."

"முடிச்சு?"

"பின்பக்கம்." ஓபேத் முகத்திலிருந்து கிண்டல் வடிந்துபோனது. "எல்லாமே பின்பக்கம்தான். அடக் கர்த்தரே, இந்த ஆவி முதுகைக் காட்டிக்கிட்டேவா வந்து கடிச்சுது?"

ஜெபக்கூடம் காலியாக இருந்தது. குறுகலான ஏணிப்படியில் ஏறி மேல்மாடிக்குப் போனார்கள். வேலைக்காரர்களுக்கும் அநாதைகளுக்கும் அங்கேதான் இடம். கீழே ஊரின் அந்தஸ்து வரிசை வரிசையாக இருக்கும்: முன்னால் நிலக்காரர்கள், அதற்குப் பின்னால் கொஞ்சம் குறைந்தவர்கள், வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள். யார் எங்கே உட்காருவது என்று மூப்பர்கள் கூடித் தீர்மானிப்பார்கள். இடத்துக்காக வருஷக்கணக்கில் பேசிக்கொள்ளாத குடும்பங்கள் உண்டு. மேல்மாடியில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் யாரும் சண்டை போட்டதில்லை.

யாபேஸ் கடைசி பெஞ்சில், சைலன்ஸின் இடத்தில் உட்கார்ந்தார்.

"இங்கேருந்து மூஞ்சி தெரியாது" என்றார். "சரி, கூட்டம் கலைஞ்சு போறப்ப எல்லாரும் இந்தப் பக்கமாத்தானே திரும்பி வருவாங்க. அப்பத் தெரியுமே?"

ஓபேத் கோல் பிடிக்கிற தன் கையைப் பார்த்துக்கொண்டான். குரல் இறங்கியிருந்தது.

"தெரியாதுண்ணே. கீழ இருக்கற பெரியவங்க எல்லாரும் வெளிய போறவரைக்கும் மேல இருக்கறவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கணும். சபை ஒழுங்கு. நிமிந்தா ஒரு தட்டு. அந்தத் தட்டு தட்டறது நான்தான். இந்தப் பொண்ணுக்கே ரெண்டு தடவ தட்டியிருக்கேன்."

"டமாரிஸை வேற எங்கயும் அவ பாத்திருக்க மாட்டாளா?"

"எங்க? அவ கிழக்கே எல்லைச் சண்டையில ஊரு எரிஞ்சு, அப்பா அம்மா போயி, போன வருஷம் வந்து சேந்தவ. போதகர் வீட்டு அடுப்படி, இந்தப் பெஞ்சு. வேற எதுவும் தெரியாது. டமாரிஸும் நீங்களும் இருக்கறது தள்ளி, சதுப்பு நிலத்து ஓரம்."

யாபேஸ் கீழே பார்த்தார். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் ராகேல் டோனின் இடம் காலி. அதற்குப் பின்னால் விதவை ஃபெல்ப்ஸின் இடம் காலி. ஆண்கள் பக்கம் கிழவர் அமோஸ் பிரிஞ்சின் இடம் காலி. ராகேலின் ஆவிக்கு இடுப்புவரை சடை என்றார்கள். விதவையின் ஆவிக்குக் கூன். அமோஸின் ஆவிக்குப் பின்மண்டையில் வழுக்கை. அந்த வார்த்தைகளை அவர் கோர்ட்டில் நின்று கேட்டிருக்கிறார். அவர்களும் சுவரைப் பார்த்தபடிதான் நின்றார்கள். இங்கே ஏறி ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும்.

நெஞ்சில் ஏதாவது தைக்கும் என்று காத்திருந்தார். ஒன்றும் தைக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"அண்ணே, வாங்க. இங்க உக்காந்தா எனக்கே வலிப்பு வரும்போல இருக்கு."

"ஓபேது, நீதிபதி விண்ட்லோ டமாரிஸ் மூஞ்சியைப் பாத்திருக்காரா?"

"எப்படிப் பாப்பாரு? அவருக்கும் முதுகுதான்." ஓபேத் அவரை உற்றுப் பார்த்தான். "ஏன் கேக்கறீங்க? நீங்க இப்படிக் கேட்டாலே ஏதோ வம்பு வருதுன்னு அர்த்தம்."

யாபேஸ் தன் திட்டத்தைச் சொன்னார். ஓபேத் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஆம்பளை பொம்பளைத் துணியைப் போட்டா கர்த்தருக்கு அருவருப்பு. வேதத்துலயே இருக்கு, உபாகமம், இருபத்திரண்டாம் அதிகாரம். கம்பத்துல கட்டிப் பத்துப் பிரம்படி."

"இருபது."

"ஆறுதல் சொல்றதுல உங்கள அடிச்சுக்க ஆள் இல்லண்ணே. நடுவுல மாட்டிக்கிட்டா?"

"எனக்கு ஓக் மரம். சூனியக்காரியை விலங்கு கழட்டி வெளிய விட்டவன்னு."

"எனக்கு?"

"நீ எனக்குப் பக்கத்துக் கிளை."

யாபேஸ் இதைச் சிரிக்காமல்தான் சொன்னார். ஆனாலும் கோடைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கை அது. ஓபேத் அதற்காகவே சம்மதித்தான்.

மத்தியானம் போதகர் ஹோவ் உபவாச ஜெபத்துக்காக மனைவியோடு ஜெபக்கூடத்துக்குப் போய்விட்டார். உபவாசம் ஊருக்குத்தான், நீதிபதிக்கு அல்ல. அவர் போதகர் வீட்டு அடுப்படியில், நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் சைலன்ஸ், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பதினேழு வயது. கண்ணுக்குக் கீழே கருவளையம். சாட்சி சொல்கிற நாட்களில் அவளை யாரும் வேலை வாங்குவதில்லை. யாரும் அவளோடு பேசுவதும் இல்லை.

"இது யாரு கான்ஸ்டபிள்?" என்றார் நீதிபதி, யாபேஸோடு உள்ளே வந்த கிழவியைப் பார்த்து.

"என் தங்கச்சி வீட்டுல ஒத்தாசைக்கு இருக்கறவங்க ஐயா. உங்களுக்குப் பரிமாறக் கூட்டிட்டு வந்தேன்."

யாபேஸின் தங்கையுடைய வெள்ளைத் தொப்பியும் சாம்பல் நிற மேலங்கியும் போட்டிருந்த டமாரிஸ், பானையிலிருந்து பட்டாணிக் கஞ்சியை ஊற்றி நீதிபதி முன்னால் வைத்தாள். நேருக்கு நேர் அவர் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. பாஸ்டன்காரர் தலையாட்டிவிட்டுக் கரண்டியை எடுத்தார். கதவருகே நின்ற யாபேஸின் உள்ளங்கை வேர்த்திருந்தது. கை வேர்க்கிறது என்பதையே அவர் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டார்.

டமாரிஸ் இன்னொரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். திட்டத்தில் அது போதும். அவள் அதோடு நிற்காமல் அந்தப் பெண்ணுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"கை வலிக்குதாம்மா?"

சைலன்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வலிக்குது."

"காட்டு. அடக் கண்ணு, சீழ் கோத்திருக்கே. யாரும் மருந்து போடலியா?"

"காயத்தை எல்லாரும் பாத்தாங்க. வலிக்குதான்னு யாரும் கேக்கல."

டமாரிஸ் தன் துணியை வெந்நீரில் நனைத்துக் காயத்தை ஒற்றினாள். பெண் முகம் சுளித்தாள், பிறகு கையைத் தளர்த்திக் கொடுத்துவிட்டாள். கஞ்சியைக் குடித்துவிட்டு, "உங்க வாய்ல பல்லே இல்ல" என்று லேசாகச் சிரித்தாள்.

"இருந்தப்ப மட்டும் என்ன பெருசாக் கடிச்சேன்" என்றாள் டமாரிஸ்.

நீதிபதி இன்னொரு கரண்டி கஞ்சி கேட்டார்.

சாயங்காலம் ஜெபக்கூடம் நிரம்பி வழிந்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள், நடுவில் சைலன்ஸ். இப்போது அவளுக்கு மேல்மாடி இல்லை, நிலக்காரர்களுக்கு முன்னால் இடம்.

"கைதியைக் கொண்டுவாங்க" என்றார் நீதிபதி.

யாபேஸ் கதவைத் திறந்தார். பச்சை ஒட்டுப் போட்ட சால்வையை நெற்றிவரை இழுத்து, வலது தோளைத் தாழ்த்தி, ஓர் உருவம் பின்பக்கமாக நடந்து வந்தது. அதன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று வழியில் இருந்தவர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தாய்மார்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். நடுவில் வந்ததும் யாபேஸ் சால்வையைத் தோளுக்கு இறக்கினார். தொப்பி நாடாவின் இரட்டை முடிச்சு எல்லோருக்கும் தெரிந்தது.

சைலன்ஸ் அலறினாள். விழுந்தாள். காலும் கையும் வெட்டி இழுத்தன. "கடிக்கிறா! டமாரிஸ் என்னைக் கடிக்கிறா! எடுங்க!" அவளைப் பார்த்துப் பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சரிந்தார்கள். நுரை தள்ளியது. கூடம் முழுக்க ஜெபமும் அழுகையும்.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் நீதிபதி.

"ஒரே ஒரு கேள்வி ஐயா. இங்க நிக்கிறது டமாரிஸ் ஹோல்ட்தான்னு உங்களுக்குச் சந்தேகம் இல்லியே?"

"கண்ணு முன்னால நிக்கிறா. இதுல என்ன சந்தேகம்?"

"திரும்பு" என்றார் யாபேஸ்.

உருவம் திரும்பியது. தொப்பி நாடாவுக்குள் ஓபேத் ஸ்பூனரின் சிவந்த தாடி இருந்தது.

"தோத்திரம் ஐயா. என் பல்லு அத்தனையும் பத்திரமா இருக்கு. நான் யாரையும் கடிக்கல. பிரம்படியை மட்டும் தயவுசெஞ்சு நாளைக்கு வெச்சுக்கலாம்."

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்தினார்கள். தரையில் கிடந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள்.

"டமாரிஸ் எங்கே?" நீதிபதியின் குரல் கீச்சிட்டது.

"மத்தியானம் உங்களுக்குப் பட்டாணிக் கஞ்சி ஊத்தினவங்கதான் ஐயா. ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க."

பெண்கள் வாசலிலிருந்து டமாரிஸ் நடந்து வந்தாள், முகம் முன்னால் இருக்கும்படி. நீதிபதியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. சைலன்ஸ் எழுந்து உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்தாள்.

"இவங்கதான் உன் கையைத் துடைச்சு விட்டாங்க" என்றார் யாபேஸ். "அப்ப உனக்கு வலிப்பு வரல. முதுகைப் பாத்ததும் வந்துது. அப்ப உனக்குத் தெரிஞ்ச டமாரிஸ் வெறும் முதுகுதானா?"

அவள் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். பேச ஆரம்பித்தபோது அந்தப் பெரிய தொண்டையிலிருந்து சின்னக் குரல்தான் வந்தது.

"எல்லாரையும் எனக்கு அப்படித்தான் தெரியும். மேல உக்காந்து முதுகைத்தான் பாத்தேன். பேரு தெரியும், தோளு தெரியும், முடிச்சு தெரியும். ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது. ஒரு வருஷம் ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பாக்கல. ஒரு நாள் பிரசங்கம் நடக்கறப்ப எங்க ஊரு எரிஞ்சது ஞாபகம் வந்து, என்னையறியாம கத்திட்டேன். அப்ப எல்லாரும் திரும்பினாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எத்தனை மூஞ்சி! எல்லாம் என்னையே பாத்துச்சு."

"அப்போ நீ சொன்னது பொய்யா?" என்றார் நீதிபதி.

"தெரியல ஐயா. கடிச்சது என் பல்லாக்கூட இருக்கலாம். ஆனா கத்தறப்ப நெஜமாவே வலிக்கும்."

விழுந்து கிடந்த பெண்கள் எழுந்து பாவாடைத் தூசியைத் தட்டிக்கொண்டார்கள். முடிந்தது என்று நினைத்தார் யாபேஸ். அவருக்குள் எங்கேயோ உறைந்திருந்த ஒன்று இளக ஆரம்பித்தது.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ராகேலின் புருஷன் டோன் எழுந்தான்.

"அப்ப என் பொண்டாட்டி?"

அவன் கத்தவில்லை. வழி கேட்கிறவன் மாதிரிதான் கேட்டான். ஓக் மரத்தடியில் அன்று ஊரே நின்றிருந்தது. பாட்டுப் பாடியிருந்தது. ஓபேத் தேடச் சொன்ன பதில் இல்லாத கேள்வி அதுதான் என்று யாபேசுக்குப் புரிந்தது. பதில் இல்லாத கேள்வியோடு இந்த ஊரால் வீட்டுக்குப் போக முடியாது என்பதும் அதற்கடுத்த நிமிடமே புரிந்தது.

நீதிபதி விண்ட்லோ மெதுவாக எழுந்தார். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது.

"ஜனங்களே, கர்த்தர் இன்னைக்கு நம்ம கண்ணைத் திறந்தார். மூணு பேர் மேல பழி விழுந்துது. நாம யாரும் வேணும்னு செய்யல. நம்மளை ஏமாத்தினது யாரு? முகமே தெரியாத ஆளைப் பத்தி மச்சம் வரைக்கும் சொன்னது யாரு? அந்த அறிவை அவளுக்குக் குடுத்தது யாரு?" அவர் விரல் நீண்டது. "சூனியக்காரி இத்தனை நாளா நம்ம முன்வரிசையிலயே உக்காந்திருந்தா."

கூடம் பெருமூச்சு விட்டது. இதைத்தான் அது தேடிக்கொண்டிருந்தது. டோன்கூட உட்கார்ந்துவிட்டான். சைலன்ஸுக்குப் பக்கத்தில் இருந்த பெண்களில் ஒருத்தி அவளைப் பார்த்து வீறிட்டுச் சரிந்தாள். பின்னாலேயே இன்னொருத்தி.

"டமாரிஸ் ஹோல்ட் விடுதலை. கான்ஸ்டபிள், இவளைக் கட்டிச் சிறைக்குக் கொண்டுபோங்க. மத்தவங்க எல்லாரும் திரும்புங்க! அவ கண்ணைப் பாக்காதீங்க!"

ஊர் திரும்பியது. நிலக்காரர்கள், மூப்பர்கள், போதகர், கண்ணைப் பொத்திக்கொண்ட பிள்ளைகள், எல்லோரும். நீதிபதியும் சுவரைப் பார்த்து நின்றார். சைலன்ஸ் அத்தனை முதுகுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தினாலும் இனி யாரும் திரும்பப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

யாபேஸின் கை இடுப்புக் கயிற்றை எடுத்திருந்தது. எப்போது எடுத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்று தடவை பழகிய கை. முடிச்சுக்கூடப் போட ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்த்தபோது, கோடை முழுவதும் வராமல் போன எல்லாம் ஒரேயடியாக வந்தது. ராகேலின் சடை, விதவையின் கூன், கிழவர் அமோஸ் ஏணியில் ஏறும்போது அவர் தோளைப் பிடித்துக்கொண்ட பிடி. கண்ணீர் கொட்டியது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

டமாரிஸ் திரும்பவில்லை. அவள் ஓபேத்தின் தோளிலிருந்து தன் சால்வையை எடுத்து, பச்சை ஒட்டோடு அந்தப் பெண்ணைச் சுற்றிப் போர்த்தினாள்.

"வெளிய குளிரும்" என்றாள். பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூவரும் கதவைத் தாண்டி வெளியே வந்தார்கள். ஓபேத் தொப்பியைக் கழற்றவும் மறந்து கூடவே வந்தான். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. இடது பக்கம் போனால் சிறை. வலது பக்கம் ஓடைத்துறை. அங்கே ஓபேத் பீப்பாய் ஏற்றிப்போகிற படகு கட்டியிருந்தது. கடல் ஓதம் ஏறி, ஓடையில் தண்ணீர் உயர்ந்துகொண்டிருந்தது. தெற்கே ரோட் தீவில் யாரையும் சூனியத்துக்காகத் தூக்கில் போடுவதில்லை.

யாபேஸ் கயிற்றை வாசற்படியில் போட்டார். வலது பக்கம் திரும்பினார்.

"அண்ணே, சிறை அந்தப் பக்கம்."

"தெரியும்."

ஓபேத் ஒரு நிமிடம் நின்றான். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஊர் முழுக்க முதுகாகவே நின்றுகொண்டிருந்தது.

"நாம எந்தப் பக்கம் போனா என்ன" என்று தொப்பி நாடாவை அவிழ்த்தான். "யாரு பாக்கப் போறா?"

நடந்துகொண்டே யாபேஸ் சிரித்துவிட்டார். போன வாரத்துக் கதைக்கும் சேர்த்து.